எச்சம்: காவிரிப்படுகையில் ஊனமும் விளையாட்டும்

கரிகாலன் என்ற பெயருக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. பகைவரின் யானைகளுக்குக் காலனாக இருந்தவன் என்பது ஒன்று. தீயில் கருகிய காலை உடையவன் என்பது மற்றது. பொருநராற்றுப்படையின் இறுதியில் சேர்ந்திருக்கும் வெண்பாக்களில் ஒன்று இரண்டாவது விளக்கத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவது. மேடைப் பேச்சாளர்களுக்கு என்னவோ முதல் விளக்கம்தான் பிடித்தமானது. கல்லணையில் அவனை யானைமீது ஏற்றிச் சிலையாக்கியிருக்கிறோம். கீழே இறக்கிவிட்டால் எப்படி நடப்பான் என்ற கேள்வியே எழாமல் போய்விட்டது.

கதை உண்மையோ இல்லையோ, காவிரிக்குக் கரைகட்டி இந்த நெல்வயல் நாட்டைத் தந்தவன் என்று நாம் கொண்டாடுகிற மன்னன், மரபின் ஒரு குரல்படி, காலில் ஊனமுற்றவன். மன்னனின் ஊனம் விருதுப் பெயராகிறது. அதே வயல் நாட்டில் கால் சூம்பிய கூலிக்காரர் மகனுக்கும் ஊனமே பெயராகிறது, ஆனால் அது ஏவுகிற பெயர். 'ஏ நொண்டி, இங்க வா.' பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும். 2010-இல் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அரசு வழக்கானது. நல்ல சொல்தான். ஆனால் திறன் இருந்தால்தான் மதிப்பு என்கிற பழைய கணக்கு அதற்குள்ளும் ஒளிந்திருக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. எனவே இங்கே ஊனம் என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

ஊனமுற்றவர்கள் விளையாடுவதைப் பற்றி இன்று நாம் இரண்டு மொழிகளில் பேசுகிறோம். ஒன்று பதக்கத்தின் மொழி, மற்றது தன்னம்பிக்கையின் மொழி. இந்த விளையாட்டு தொடங்கியதோ வேறொரு மொழியில். சாகாமல் இருப்பதற்காக, புண் வராமல் இருப்பதற்காக, மூச்சுவிடுவதற்காக அது தொடங்கியது. அந்தத் தொடக்கம் எப்படி மறக்கடிக்கப்பட்டது, தஞ்சை வட்டாரத்தில் அந்த மறதியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பவையே இக்கட்டுரையின் அக்கறை.

*

புறநானூற்றின் 28-ஆம் பாட்டு சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. குருடு, வடிவமற்ற பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு, விலங்குரு, மருள் என எட்டு வகைப் பிறப்புகளை அது அடுக்குகிறது. இவற்றால் பயனில்லை என்று பழையோர் சொன்னதாகவும் சொல்கிறது. புலவருடைய நோக்கம் ஊனமுற்றவர்களைப் பற்றிப் பேசுவதல்ல. அறம் பொருள் இன்பத்தை நோக்கி மன்னனை உந்துவதற்கு அவருக்கு ஒரு எதிர்நிலை தேவைப்படுகிறது, அவ்வளவே. ஊனமுற்ற உடல் பிறருடைய முழுமையை அளந்து பார்க்கிற கோலாக மட்டும் பிரதிக்குள் நுழைகிறது. பின்னால் எத்தனையோ பிரதிகளில் இதுவே நடக்கப்போகிறது.

இந்த எட்டுக்கும் அந்தப் பாட்டு தருகிற பெயர் 'எச்சம்'. தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லைக் கடந்துபோவது கடினம். இலக்கணத்தில் பெயரெச்சமும் வினையெச்சமும் குறைபட்ட சொற்கள் அல்ல, முடிக்கும் சொல்லை எதிர்நோக்கி நிற்பவை. குறளில் ஒருவர் விட்டுச்செல்வது எச்சம். ஆக, குறை என்றும் எஞ்சியது என்றும் ஒரே சொல்லுக்கு இரண்டு முகம். இவற்றில் குறை என்ற முகத்தையே நம் சமூகம் ஊனமுற்றவர்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பெருகிய நொண்டி நாடகங்கள் இதை ஒரு கதையாகவே ஆக்கின. பெரும்பாலும் ஒரே அச்சு. தாசியிடம் பொருளிழந்தவன் குதிரை திருடப் போகிறான், பிடிபடுகிறான், கால் வெட்டப்படுகிறது, தெய்வத்தைச் சரணடைகிறான், கால் வளர்கிறது. திருச்செந்தூர் முருகனுக்கும் உண்டு, சீதக்காதி பேரிலும் உண்டு, கிறித்தவர்களிடம் ஞான நொண்டியும் உண்டு. மதம் மாறினாலும் அச்சு மாறவில்லை. ஊனம் என்பது செய்த குற்றத்தின் தண்டனை, அது தீர்வது அற்புதத்தால். நொண்டியாகவே இருந்துகொண்டு நாலு காலம் நலமாக வாழ்கிற ஒருவனுக்கு அந்த மேடையில் இடமில்லை. இதில் வேடிக்கை, ஒற்றைக் காலை மடித்துக் கட்டிக்கொண்டு நெடுநேரம் தத்தித் தத்திப் பாடி ஆடுகிற நடிகன் செய்வது கடுமையான தேகப்பயிற்சி. நம் பிள்ளைகளின் நொண்டி விளையாட்டும் அப்படித்தான். கால் உள்ள பிள்ளை கொஞ்ச நேரம் கால் இல்லாததாகப் பாவித்து விளையாடும். நிஜமாகவே கால் வராத பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

*

இனி வயலுக்கு வருவோம். தஞ்சைப் பண்ணைகளில் உடல் என்பது முதலில் ஒரு கருவி. நடவுக்குக் குனிய வேண்டும், சேற்றில் இழுத்து மிதிக்க வேண்டும், கட்டு தூக்கிக் களத்துக்கு நடக்க வேண்டும், அடிக்க வேண்டும். இதைச் செய்கிற உடலுக்கு மரக்காலில் கூலி உண்டு, செய்யாத உடலுக்கு இல்லை. காக்கை ஓட்டவோ மாடு பார்க்கவோ விட்டால் அது இரக்கம். செய்கிற உடலுக்கும் பாதுகாப்பு இருந்ததா என்றால் அதுவும் இல்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் பண்ணையாட்களின் உடல்மீது எழுதப்பட்ட சட்டங்கள். பி. சீனிவாசராவ் முதலானோர் கட்டிய விவசாயிகள் இயக்கத்தின் விளைவாக 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம்தான் அவற்றை நிறுத்தச் சொன்னது. அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அப்போதும் பிரச்சினை கூலி, சங்கம்.

நம்முடைய இடதுசாரி வரலாற்றெழுத்து இந்த உடலின் வலியை எழுதியிருக்கிறது. ஆனால் அது எழுதியது உழைக்கும் உடலை. அடிபட்டு, விழுந்து, உழைக்க முடியாமல் போன உடல் என்ன ஆனது என்பதை எந்தப் பக்கத்திலும் காணோம். தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 'உழைப்பே மனிதனை மனிதனாக்கியது' என்று பேசிய நாமும் பண்ணையாரின் அளவுகோலைக் கொஞ்சம் கடன் வாங்கித்தான் இருந்தோம்.

மன்னார்குடி ஒப்பந்தம் ஏற்பட்ட அதே 1944-இன் பிப்ரவரியில், இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்து மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயங்களுக்கென ஒரு பிரிவு தொடங்கியது. பொறுப்பேற்றவர் லுட்விக் குட்மன். ஜெர்மன் நரம்பியல் மருத்துவர், யூதர். நாஜி ஆட்சியில் வேலை பறிக்கப்பட்டு 1939-இல் தப்பி வந்தவர். அவர் விட்டுவந்த நாட்டில் அதே 1939 தொடங்கி, வாழத் தகுதியற்றவர்கள் என்று முத்திரை குத்தி, 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் அரசே நச்சுவாயு அறைகளில் கொன்றது. புறநானூற்றையும் நாஜிகளையும் ஒரே தட்டில் வைக்க நான் முட்டாள் அல்ல. பயன் என்ற அளவுகோலை ஓர் அரசு கடைசிவரை கொண்டுபோனால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் முதுகுத்தண்டு முறிந்தவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுக்குள் இறந்தார்கள். கொன்றது முறிவு அல்ல, படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். உணர்ச்சி இல்லாத இடத்தில் உடல் தன் எடையாலேயே ரத்த ஓட்டத்தை அடைத்துக்கொள்கிறது. சில மணி நேரத்தில் தோல் சாகத் தொடங்கும். வலி தெரியாததால் ஆள் அசையமாட்டார். குட்மன் செய்த முதல் காரியம் இரவு பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்பிப் போடச் செய்தது. இரண்டாவது காரியம் விளையாட்டு. சக்கர நாற்காலியில் இருப்பவர் கொஞ்ச நேரத்துக்கொருமுறை கையை ஊன்றி இடுப்பை உயர்த்தினால் புண் வராது. அதற்குத் தோளில் பலம் வேண்டும். வில் வளைத்தால் தோள் பலப்படும், ஆதாரமில்லாத நடுவுடல் நிமிர்ந்து நிற்கப் பழகும். பந்தை எறிந்து பிடித்தால் மூச்சு விரியும், தேங்கிய சளி வெளியேறும். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய நாளில், அந்த மருத்துவமனை வளாகத்தில் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். 14 ஆண்கள், 2 பெண்கள். 1960-இல் ரோமில் அது 23 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் கூடிய விழாவானது. இன்று பாராலிம்பிக் என்று நாம் சொல்வதன் வேர் மருத்துவமனைப் புல்தரையில் இருக்கிறது.

மருத்துவக் குறிப்பேட்டில் இழந்த தசைகளின் பட்டியலுக்குப் பக்கத்தில் எஞ்சிய தசைகளின் பட்டியல் வந்தது. நான் இதைத் தமிழில்தான் யோசிக்கிறேன்: குறை என்ற எச்சத்திலிருந்து மிச்சம் என்ற எச்சத்துக்கு.

*

ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் இங்கே சிரிப்பார்கள். விளையாட்டு என்பதே உடலைப் பணிய வைக்கிற ஒழுங்குதானே, மருத்துவர் ஊனத்தை அளந்து வகை பிரித்து எண் கொடுப்பது கண்காணிப்பின் இன்னொரு வடிவம்தானே என்பார்கள். மறுப்பதற்கில்லை. குட்மனின் முதல் நோயாளிகள் போர்வீரர்கள். அவர்களைத் திரும்ப வேலைக்கு அனுப்பி, அரசுக்குச் சுமையாக இல்லாமல் செய்வது அவருடைய நோக்கங்களில் ஒன்று. ஆனால் ஃபூக்கோ பெரிதும் மதித்த கங்கிலெம் வேறொன்று சொல்லியிருக்கிறார். 1943-இல் எழுதிய ஆய்வில் அவர் நலம் என்பதைச் சராசரியோடு பொருந்திப்போவதாகப் பார்க்கவில்லை. மாறிய சூழலில் தனக்கென்று புதிய நெறிகளை உண்டாக்கிக்கொள்ள உடலுக்கு உள்ள திறன் என்று பார்த்தார். அந்தப் பார்வையில் கால் இல்லாதவர் நலமாக இருக்க முடியும், கால் உள்ளவர் நலமற்று இருக்க முடியும். அற்புதம் நடந்து கால் வளர வேண்டியதில்லை. எனக்கு நொண்டி நாடகத்தை மறுபடி படிக்கத் தூண்டியது இந்தக் கருத்துதான். ஒழுங்கு என்று சொல்லித் தள்ளிவிடுகிற சொகுசு படுக்கைப் புண் உள்ளவருக்கு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இந்த மருத்துவம் வேர்விட்ட இடங்களில் முதன்மையானது வேலூர். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்றார், அமெரிக்காவில் அந்தத் துறையையே கற்றார். திரும்பிவந்து தொடங்கிய பிரிவுதான் 1966-இல் வேலூர் பாகாயத்தில் தனி நிலையமாக வளர்ந்தது. முதுகுத்தண்டு காயம்பட்டவர்களுக்கான காமன்வெல்த் விளையாட்டுகள் முதன்முதலாக நடந்ததும் அதே பெர்த்தில்தான், 1962-இல்.

முரளிகாந்த் பேட்கர் ராணுவத்தில் குத்துச்சண்டைக்காரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து செயலிழந்தவர். சிகிச்சையாகத் தொடங்கிய நீச்சல் அவரை 1972-இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் தங்கம் வரை கொண்டுபோனது. நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது 2018-இல், 46 ஆண்டுகள் கழித்து. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் நிறுவிய எஸ். ராமகிருஷ்ணனும் கடற்படைத் தேர்வில் உடற்திறன் சோதனையின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இருவரையும் கவனித்தவை ராணுவ மருத்துவமனைகள். அந்தக் கவனிப்பு கிடைத்ததைக் குறைசொல்லவில்லை. பேராவூரணியில் தென்னையிலிருந்து விழுந்தவருக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கிறேன். நம் நாட்டுப்புறத்தில் முதுகுத்தண்டு முறிவதற்குப் பெருங்காரணங்கள் போர் அல்ல. மரத்திலிருந்து விழுவது, கிணற்றில் விழுவது, சாலை விபத்து. எங்கள் ஊரில் அப்படி விழுந்த ஒருவர் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் ஒன்றரை வருஷம் கிடந்து செத்தார். 'மரத்துலேந்து விழுந்து செத்தாரு' என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். மரம் அவரைக் கொல்லவில்லை. புண் கொன்றது.

*

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியவர். தமிழக அரசு 2 கோடி அறிவித்தது. டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். பாரிஸில் இந்தியா வாங்கிய 29 பதக்கங்களில் நம் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ ஆகியோருடையவையும் உண்டு. சந்தோஷம்தான், நானும் கைதட்டினேன். ஆனால் மாரியப்பனின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அவரைக் கவனித்தார் என்பது. அந்த ஒன்று நடக்காத பள்ளிக்கூடங்கள் எத்தனை! பி.டி. பீரியடில் கால் வராத பையன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பான். மற்றவர்களின் செருப்புக்கும் டிபன் பாக்ஸுக்கும் காவல். நானும் என் டிபன் பாக்ஸை அவனிடம் கொடுத்துவிட்டு ஓடியவன்தான். பொங்கலுக்குக் கபடி நடந்தால் அவன் கையில் மைக் இருக்கும் அல்லது ஸ்கோர் நோட்டு இருக்கும். பாடிப்போகிற மூச்சே நுரையீரலுக்கு நல்ல பயிற்சி, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தாவது அவனும் பாடட்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஊனமுற்றோர் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். உலக சுகாதார நிறுவனம் உடலுழைப்பு பற்றி 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஊனமுற்றோருக்கென்று முதன்முறையாகத் தனியாகச் சொல்லியது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. குறைந்த கணக்கு வைத்தாலும் வருஷத்துக்கு 7800 நிமிடம். நம் மாவட்டங்களில் டிசம்பர் 3-ஐ ஒட்டி ஒரு நாள் விளையாட்டுப் போட்டி நடக்கிறது. முதலமைச்சர் கோப்பையிலும் தனிப் பிரிவு வந்திருக்கிறது. தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் மாதிரியான ஒரு மைதானத்துக்குக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து 50 மீட்டர் போனால் கால் நிமிஷம், அரை நிமிஷம். ஒரு எவர்சில்வர் பாத்திரம், ஒரு சான்றிதழ், ஒரு போட்டோ. மிச்ச நிமிடங்கள் எங்கே? 2016 சட்டத்தின் 30-ஆம் பிரிவு விளையாட்டில் பங்கேற்கும் உரிமையைப் பேசுகிறது. பங்கேற்பு என்பதை நிர்வாகம் 'கலந்துகொண்டார்' என்று படித்துக்கொள்கிறது.

தினசரி விளையாட்டு என்றால் ஒலிம்பிக் அரங்கம் அல்ல. உட்கார்ந்தே வாழ்கிறவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சீக்கிரம் வருகின்றன, எலும்பு மெலிகிறது, மனம் சோர்கிறது. இவற்றைத் தள்ளிப்போடத் தினமும் அரைமணி வியர்த்தால் போதும். தஞ்சாவூர் வெயிலில் அதற்கும் கவனம் வேண்டும். கழுத்தில் முறிவு உள்ளவர்களுக்குக் கீழுடம்பில் வியர்வை சரியாகச் சுரக்காது. நண்பகலில் மைதானத்தில் நிறுத்தினால் உடல் கொதித்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பதினொரு மணிக்குக் கொடியசைப்பவர்கள் இருக்கிறார்கள்.

கும்பகோணத்து யானைக்கால் ஊரறிந்த கேலி. கேலிக்கு ஆளானவர்கள் வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு வீட்டோடு இருந்தார்கள். ஆனால் அந்தக் காலுக்குச் சொல்லப்படும் பராமரிப்பில் தினமும் கழுவித் துடைப்பது, உயர்த்தி வைப்பது என்பவற்றோடு கணுக்காலை அசைத்துக்கொண்டே இருப்பதும் ஒன்று. தசை இயங்கினால் தேங்கிய நீர் நகரும். ஒளித்து வைத்த கால்தான் மேலும் வீங்குகிறது. இங்கே வெட்கம் ஒரு மருத்துவக் காரணம்.

யாரும் பாடாத ஒரு தேகப்பயிற்சிக் கருவியும் நம்மிடம் இருந்தது. கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி. சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு அதைச் சுற்றிக்கொண்டு போனவர்களின் தோள்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். வேகமும் கௌரவமும் கிடைத்தன, கை ஓய்ந்தது. திரும்பக் கையால் சுற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. பஸ் ஏறுகிறவன் யாரிடமும் நாம் நடந்து போ என்று சொல்வதில்லையே.

டிபன் பாக்ஸுக்குக் காவல் இருந்தவன் போலியோவில் இரண்டு காலும் சூம்பியவன். ஆனால் மேட்டூர் திறந்து ஜூனில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் அவன் வேறு ஆள். மண்கரையில் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போய் நீரில் விழுவான். அங்கே எடை கிடையாது. மதகிலிருந்து படித்துறை வரை எதிர்நீச்சலில் எங்களில் ஒருத்தனும் அவனைப் பிடித்ததில்லை. அதை ஒருவரும் விளையாட்டு என்று சொல்லவில்லை, 'தண்ணிக்குள்ள ஆட்டம் போடுறான்' என்றுதான் சொன்னார்கள். இப்போது செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பருத்துவிட்டான், சர்க்கரை இருக்கிறது. போன ஆடியில் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது மருந்துச் சீட்டைக் காட்டினான்.

'டெய்லி முக்கா மணி நேரம் நடக்கணுமாம்டா, டாக்டரு எழுதியிருக்காரு பாரு.'

சிரித்தோம். நீ ஏன் வாய்க்காலுக்குப் போவதில்லை என்று கேட்டேன்.

'எங்கேடா போறது? ரெண்டு கரையும் சிமெண்ட்டு போட்டுட்டாங்கள்ல. சரிவா வழவழன்னு கெடக்கு. எறங்கிரலாம், சறுக்கிக்கிட்டே போயி விழுந்துரலாம். ஏற முடியாதுடா.'